குரோம் தொட்டியா, வேக்குவம் அறையா? பிளாஸ்டிக்கின் மேல் உலோகம் ஏற்றும் முன்

ஷவர் தலை, காரின் முன் கிரில், சென்ட் புட்டியின் மூடி, டார்ச் லைட்டின் உட்கிண்ணம். கடை விளக்கின் கீழ் நான்கும் ஒரே மாதிரி மின்னும். நான்குமே பிளாஸ்டிக். ஆனால் முதல் இரண்டின் மேல் இருக்கும் உலோகமும், அடுத்த இரண்டின் மேல் இருக்கும் உலோகமும் வேறு வேறு வழியில் வந்தவை: முன்னது மின்முலாம் தொட்டியில், பின்னது காற்றை உறிஞ்சி நீக்கிய வேக்குவம் அறையில். மாற்றிப் போட்டால் சிக்கல்தான்.

முதலில் எடையைப் பார்ப்போம். வேக்குவம் அறையில் ஏறும் அலுமினியப் படலம் ஏறக்குறைய 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 0.27 கிராம். மின்முலாம் தொட்டியில் ஏறும் தாமிரமும் நிக்கலும் சேர்ந்து 30 மைக்ரான் என்று வைத்தால், அதே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 267 கிராம். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. முலாம் போட்ட பொருளுக்கு உண்மையான உலோகத் தோல் இருக்கிறது. நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். வேக்குவம் போட்ட பொருளில் உலோகம் இரண்டு லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. வாங்குபவரின் விரல் தொடுவது மேல் லாக்கரைத்தான். அதன் ஆயுள்தான் பொருளின் ஆயுள். விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

மீதிப் பாதி, பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி வார்க்கும் அச்சான மோல்டில் இருக்கிறது. மோல்டு வெட்டி முடித்து, பீஸ் அடித்து, பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய் "இதற்கு என்ன பூச்சு போடலாம்?" என்று கேட்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பணம் தின்னும் பழக்கம். எந்தப் பூச்சு என்பதை மோல்டு வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். ஏன் என்பது ஒவ்வொரு முறையையும் பார்க்கும்போது தெரியும்.

மின்முலாம்: தொட்டி தொட்டியாக

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் முதலில் அதன் மேல் ஒரு கடத்தும் தோலை உண்டாக்க வேண்டும். இதற்கு இன்றும் மிக நன்றாக ஒத்துழைப்பது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அதற்குள் பியூட்டாடைன் ரப்பர் நுண்ணிய உருண்டைகளாகச் சிதறிக் கிடக்கிறது. குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் லிட்டருக்கு 350 முதல் 400 கிராம் வீதம் கலந்த எட்சிங் (மேற்பரப்பை அரிக்கும்) தொட்டியில், 65 முதல் 70 டிகிரி செல்சியஸில், 5 முதல் 10 நிமிடம் பீஸை முக்கினால் மேற்பரப்பில் உள்ள அந்த ரப்பர் உருண்டைகள் அரிக்கப்பட்டு நுண்குழிகள் உண்டாகும். பின்னால் வரும் உலோகம் அந்தக் குழிகளுக்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, குழிகளில் தங்கிய குரோமிக் அமிலத்தை சோடியம் பைசல்பைட் போன்ற ஒரு குறைப்பானால் செயலிழக்கச் செய்ய வேண்டும். பிறகு பல்லேடியமும் வெள்ளீயமும் கலந்த கூழ்மத் தொட்டி. லிட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராம் பல்லேடியம் இருந்தாலே போதும். அதன்பின் ஆக்சிலரேட்டர் தொட்டியில் பல்லேடியத்தைச் சுற்றியுள்ள வெள்ளீய ஓட்டை நீக்கினால், எலக்ட்ரோலெஸ் நிக்கல் தொட்டியில் மின்சாரமே இல்லாமல் நிக்கல் படியத் தொடங்கும். 30 முதல் 35 டிகிரியில், பி.எச். 9 அளவில், 5 முதல் 10 நிமிடத்தில் 0.2 முதல் 0.3 மைக்ரான். இந்த மெல்லிய தோல்தான் அடுத்து வரும் மின்சாரத்தைத் தாங்கப் போகிறது. அதனால் தொட்டிக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபயரை எடுத்த எடுப்பில் முழு ஆம்பியருக்கு ஏற்றக் கூடாது. ஏற்றினால் பீஸைத் தாங்கும் சட்டமான ரேக் தொடும் முனையில் அந்தத் தோல் எரிந்து, பீஸ் முழுவதும் மின்தொடர்பை இழக்கும்.

தோல் பிடித்தபின் அமிலத் தாமிரம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.9 மைக்ரான் ஏறும். 20 மைக்ரானுக்கு 23 நிமிடம் வரை ஆகும். இந்தத் தாமிரத்தைச் சிலர் செலவு என்று குறைக்கப் பார்ப்பார்கள். அது தவறு. ஏபிஎஸ் சூட்டில் விரிவது தாமிரத்தைப் போல நான்கைந்து மடங்கு. வெயிலில் நிற்கும் காரின் கிரில் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது, நடுவில் நெகிழ்ந்து கொடுப்பது இந்த மென்மையான தாமிர அடுக்குதான். அது மெலிந்தால் மேலே உள்ள கடினமான நிக்கல் வெடிக்கும், அல்லது பிளாஸ்டிக்கை விட்டு எழும்பும்.

தாமிரத்துக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் வெறும் 0.1 முதல் 0.3 மைக்ரான் குரோம். நாம் "குரோம்" என்று சொல்லும் பொருளின் பளபளப்பு பெரும்பாலும் நிக்கலுடையது. குரோம் அதற்கு நீலம் கலந்த நிறமும், மங்காத கடினமான மேல்தோலும் தருகிறது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு 8 முதல் 10 மைக்ரான் பளபளப்பு நிக்கல் போதும். வெளியில் மழையும் உப்புக்காற்றும் படும் பொருளுக்கு நிக்கல் மட்டும் 25 முதல் 30 மைக்ரான் வேண்டும், அதுவும் அடுக்குகளாக. கீழே கந்தகம் இல்லாத செமி பிரைட் (அரைப் பளபளப்பு), அதன் மேல் பிரைட், அதற்கும் மேல் நுண்துளை நிக்கல். அரிப்பு ஒரே இடத்தில் ஊசிபோல் இறங்காமல், எண்ணற்ற நுண்துளைகளில் பரவி வலுவிழப்பது இந்த அடுக்கால்தான். கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டியின் எம்பளத்தில் (சின்னத்தில்) ஒற்றை நிக்கல் போட்டிருந்தால் சில மாதங்களிலேயே புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

முலாம் கெட்டால் முதலில் மோல்டிங்கைப் பாருங்கள்

கொப்புளம் வந்தால் முலாம் கடைக்காரரையும் மோல்டிங் கடைக்காரரையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை நடக்கும். பெரும்பாலும் குற்றம் மோல்டிங்கில்தான். உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் வேகமாக ஊசி போட்டுச் செலுத்தினால், அது நுழையும் வாயான கேட் அருகே ரப்பர் உருண்டைகள் நீள நீளமாக இழுபட்டுப் படுத்துவிடும். எட்சிங்கில் அங்கே உருண்டைக் குழிக்குப் பதில் மேலோட்டமான கீறல்தான் கிடைக்கும், உலோகத்துக்குப் பிடிமானம் இருக்காது. மெதுவான ஊசி, 60 டிகிரிக்கு மேல் சூடான மோல்டு, 80 முதல் 85 டிகிரியில் 3 மணி நேரம் உலர்த்திய பிளாஸ்டிக் துகள் ஆகிய மூன்றும் கட்டாயம். சிலிகான் ஸ்பிரேயை மோல்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒரு தடவை அடித்தாலும் அடுத்த பல ஷாட்டுகளில் (வார்ப்புகளில்) முலாம் பிடிக்காத திட்டுகள் வரும். துகளும் முலாம் தர ஏபிஎஸ்ஸாக இருக்க வேண்டும். சாதாரண தரத்தில் ரப்பர் அளவும் உருண்டையின் பருமனும் இதற்கென்று அமைக்கப்பட்டிருக்காது.

தொட்டிக்கு அனுப்பும் முன் ஒரு எளிய சோதனை உண்டு. பீஸை அடர் அசிட்டிக் அமிலத்தில் அறை வெப்பத்தில் 30 விநாடி முக்கி, கழுவி, உலர்த்திப் பாருங்கள். வெள்ளையாகக் கோடுகளோ விரிசலோ தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. கேட்டைச் சுற்றி மட்டும் வெளுத்தால் ஊசி வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

எட்சிங் தொட்டியிலும் கோளாறுகள் உண்டு. நேரம் குறைந்தால் முலாம் விட்டுப்போன திட்டுகள். கூடினால் குழிகள் ஒன்றோடொன்று கலந்து மேற்பரப்பே பொடியாகி, முலாம் அந்தப் பொடியோடு உரிந்து வரும். வேலை செய்யச் செய்யத் தொட்டியில் குரோமிக் அமிலம் செலவாகி மிஞ்சும் மூவிணைதிறன் குரோமியம் சேரும். லிட்டருக்கு 30, 40 கிராமைத் தாண்டினால் எட்சிங் மந்தமாகிவிடும். அப்போது நேரத்தைக் கூட்டி ஒப்பேற்றுவது தீர்வல்ல, தொட்டியைப் புதுப்பிக்க வேண்டும்.

வடிவத்திலும் முலாமுக்கு அதன் பிடிவாதங்கள் உண்டு. மின்சாரம் கூர்முனைகளுக்கு ஓடும், ஆழத்துக்கு இறங்காது. ஓரத்தில் 40 மைக்ரான் ஏறியிருக்கும்போது குறுகிய பள்ளத்தின் அடியில் 5 கூட இருக்காது. மூலைகளுக்குக் குறைந்தது அரை மில்லிமீட்டர் வளைவு கொடுங்கள். ஒரு பக்கம் மூடிய துளைகளைத் தவிருங்கள். அவற்றில் தங்கும் அமிலம் அடுத்தடுத்த தொட்டிகளைக் கெடுத்து, கடைசியில் பீஸின் மேலேயே கறையாக வழியும். 10 மில்லிமீட்டர் துளை முலாமுக்குப்பின் 9.93 ஆகிவிடும். மரைகளிலும் பொருந்து இடங்களிலும் இதைக் கழித்தே வரைய வேண்டும். வளைந்து மாட்டும் கிளிப்புகள் முலாம் ஏறினால் உடையும். ரேக் பிடிக்க மறைவான ஓர் இடத்தையும் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். ஒரு பகுதியில் மட்டும் முலாம் வேண்டும் என்றால் இரட்டை ஷாட் மோல்டிங் இருக்கிறது. ஏபிஎஸ்ஸோடு பாலிகார்பனேட்டைச் சேர்த்து அடித்தால் பாலிகார்பனேட் பகுதியில் முலாம் பிடிக்காது. ஒளி ஊடுருவும் எழுத்துடன் கூடிய குரோம் பட்டன்களைச் செய்யும் முறைகளில் இதுவும் ஒன்று.

கழிவுநீர்தான் உண்மையான விலை

குரோமிக் அமிலத்தில் உள்ள அறுவிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 21 செப்டம்பர் 2017 முதல் தனி அனுமதி இல்லாமல், குரோமிக் அமிலத்தின் மூலப்பொருளான குரோமியம் ட்ரைஆக்சைடைப் பயன்படுத்த முடியாது. அங்கு ஏற்றுமதி செய்பவர்களிடம் மாற்று வழிகளான மூவிணைதிறன் குரோம் பற்றியும் பெர்மாங்கனேட் எட்சிங் பற்றியும் கேள்வி வருவது அதனால்தான். இந்தியாவில் நீர்நிலைக்கு விடும் கழிவில் அறுவிணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நிக்கலும் தாமிரமும் தலா 3 மில்லிகிராம். மின்முலாம் ஆலை சிவப்பு வகைத் தொழில். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஒரு தொட்டியையும் நிறுவ முடியாது.

குரோம் கழிவைத் தனியாக எடுத்து, பி.எச். 2 முதல் 2.5க்கு இறக்கி, மெட்டாபைசல்பைட் சேர்த்து மூவிணைதிறன் குரோமியமாக மாற்றி, பிறகு பி.எச். 8, 9க்கு ஏற்றினால் பச்சை வண்டலாகப் படியும். எலக்ட்ரோலெஸ் நிக்கலின் கழிவை இதோடு கலக்கவே கூடாது. அதில் உள்ள அம்மோனியா நிக்கலைக் கரைசலிலேயே கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் படியவிடாது. வேலையைக் கூலிக்கு வெளியே கொடுப்பவர்கள் கடைக்குப் போனால் பளபளக்கும் மாதிரிகளைப் பார்க்கும் முன் சுத்திகரிப்புத் தொட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கு வேலை செய்பவர்களின் மூக்கும் தோலும், அந்த ஊரின் கிணறும் உங்கள் விலைப்புள்ளியோடு கட்டுண்டவை.

வேக்குவம் மெட்டலைசிங்: மூன்று அடுக்கு

இங்கே அமிலத் தொட்டிகள் இல்லை. பீஸின் மேல் 10 முதல் 20 மைக்ரான் பேஸ் கோட் (அடி லாக்கர்), அதை உலர்த்திய பின் வேக்குவம் அறையில் அலுமினியம், வெளியே எடுத்து 10 முதல் 15 மைக்ரான் டாப் கோட் (மேல் லாக்கர்). 0.1 மைக்ரான் படலம் எதையும் மறைக்காது. கீழே உள்ள ஒவ்வொரு கீறலையும் கண்ணாடிபோல் பெருக்கித்தான் காட்டும். கண்ணாடிப் பளபளப்பைத் தருவது வழிந்து சமமாகும் பேஸ் கோட். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஈரத்தையும் வாயுவையும் அடைத்து வைப்பதும் அதுதான்.

அறையில் டங்ஸ்டன் இழைகளில் அலுமினியத் துண்டுகளைத் தொங்கவிட்டு, காற்றை 0.0001 மில்லிபார் அளவுக்கு உறிஞ்சி, இழையைச் சூடாக்கினால் அலுமினியம் உருகி, சில விநாடிகளில் ஆவியாகி எல்லாத் திசையிலும் பறக்கும். அந்த அழுத்தத்தில் ஓர் அணு எதிலும் மோதாமல் சராசரியாக 60, 70 சென்டிமீட்டர் போகும். 0.001 மில்லிபாரில் நின்றுவிட்டால் 6, 7 சென்டிமீட்டரிலேயே காற்று மூலக்கூறில் மோதிவிடும். பீஸில் வந்து சேரும் படலம் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ மங்கிப்போகும். மழைக்காலத்தில் பீஸ் மங்கலாக வந்தால் பம்பைத் திட்டுவதற்கு முன், சரியாக உலராத பேஸ் கோட்டையும், கதவைத் திறந்தபடி விட்டதால் அறைச் சுவரில் ஏறிய ஈரத்தையும் பாருங்கள்.

ஆவி நேர்கோட்டில் போகும். அதனால் பீஸ்களைத் தாங்கும் ஜிக் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இழைகளையும் சுற்றிவர வேண்டும். குடுவையின் உட்புறத்தில் பூச முடியாது.

அதிகம் வரும் கோளாறு வானவில் நிறம். பேஸ் கோட் முழுதாகக் காயாமல் இருந்தால், டாப் கோட்டின் தின்னர் அந்த மெல்லிய அலுமினியத்தின் வழியே இறங்கி பேஸ் கோட்டை உப்ப வைக்கும். படலம் கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கி நிறம் காட்டும். ஏபிஎஸ்ஸை 65, 70 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்தால் வளையும் என்பதால் சூட்டைக் கூட்டிச் சரிசெய்யவும் முடியாது. நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது புற ஊதா ஒளியில் சில விநாடிகளில் இறுகும் யுவி லாக்கருக்குப் போக வேண்டும். அடுத்த கோளாறு தூசுப் பரு. லாக்கர் அடிக்கும் அறை சுத்தமில்லாவிட்டால் எவ்வளவு நல்ல வேக்குவம் இயந்திரமும் பயனில்லை. கழிவு விகிதம் இந்த அறையில்தான் தீர்மானமாகிறது.

இந்த முறையின் பெரிய வரம் சுதந்திரம். ஏபிஎஸ் மட்டுமல்ல, பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட், சரியான பிரைமர் போட்டால் பாலிப்ரொப்பிலீன் வரை போகும். டாப் கோட்டில் சாயம் கலந்தால் தங்கம், செம்பு, நீலம், ரோஜா என்று எந்த நிறமும் வரும். பலவீனமும் தெளிவு. அலுமினியம் காரத்தில் கரையும். லாக்கரில் ஒரு கீறல் விழுந்தால் சோப்புத் தண்ணீர் அதன் வழியே உள்ளே புகுந்து, அலுமினியத்தைத் தின்று, பிளாஸ்டிக்கைக் காட்டிவிடும். குளியலறைப் பொருளுக்கு இதைப் போட்டு "குரோம்" என்று விற்பவர்கள் வாங்குபவரை ஏமாற்றுகிறார்கள்.

ஒளியைத் திருப்பும் வேலைக்கு மட்டும் முலாம் கிட்டவே வர முடியாது. அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பும், குரோம் 60, 65 சதவீதம்தான். வண்டி ஹெட்லைட்டின் உட்கிண்ணம் வேக்குவம் அலுமினியமாக இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே விரல் படுவதில்லை. அதனால் லாக்கருக்குப் பதில், அதே அறையில் பிளாஸ்மா மூலம் ஏற்றும் மெல்லிய சிலிகான் பாதுகாப்புப் படலமே போதும்.

ஸ்பட்டரிங்கும், மின்சாரம் கடத்தாத உலோகமும்

ஸ்பட்டரிங்கில் உலோகம் உருகுவதில்லை. ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டை மோதி அணுக்களைப் பெயர்த்து எடுக்கின்றன. குரோமியம், துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம் என்று ஆவியாக்கக் கடினமான உலோகங்களையும், உலோகக் கலவைகளையும் ஏற்றலாம். யுவி பேஸ் கோட், ஸ்பட்டர் குரோம், யுவி டாப் கோட் என்று மூன்றும் சேர்ந்தால், அறுவிணைதிறன் குரோமியம் இல்லாமல் மின்முலாமின் நீல நிறத்துக்கு அருகில் வரலாம். அலுமினியத்தைவிட கார, வியர்வைத் தாக்குதலையும் தாங்கும். ஆனால் முதலீடு பெரிது, படலம் தடித்தால் உள் இறுக்கத்தால் வெடிக்கும். மாதம் ஆயிரக்கணக்கில் ஒரே பீஸ் ஓடாவிட்டால் இந்த இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கச் சொல்ல மாட்டோம்.

ஆன்டெனா, ரேடார், தொடு பொத்தான் இவற்றில் ஒன்று உள்ளே இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, உலோகம் அலையை மறைத்துவிடும். அதற்கென்று வெள்ளீயத்தையோ இண்டியத்தையோ ஒன்றோடொன்று சேராத நுண்தீவுகளாக ஏற்றுகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மின்சாரத்துக்குத் துண்டு துண்டு. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மறைந்திருக்கும் கார் எம்பளத்தில் இதைப் பார்க்கலாம். தடிமன் சற்றுக் கூடினால் தீவுகள் சேர்ந்து கடத்தத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் மின்தடையை அளந்தே வாங்க வேண்டும்.

சிறு வேலைகளுக்கு இரண்டு

வெள்ளி ஸ்பிரே குரோம் என்பது சில்வர் நைட்ரேட்டும் குறைப்பானும் இரட்டைத் துப்பாக்கியில் கலந்து மேலே வெள்ளியாகப் படியும் முறை. பத்து இருபது பீஸுக்கும், பைக் உதிரிக்கும், கண்காட்சி மாதிரிக்கும் நல்லது. காய்ச்சி வடித்த நீரோ அயனி நீக்கிய நீரோ அல்லாத எந்த நீரும் கறை போடும். நாளடைவில் மஞ்சளாகும். ஒரு எச்சரிக்கை: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் வைத்து மறுநாள் பயன்படுத்தாதீர்கள். அதில் உண்டாகும் படிவு தொட்டாலே வெடிக்கக்கூடியது. அன்றன்று கலந்து, மிஞ்சியதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமிட்டு வெள்ளி குளோரைடாக்கிவிட வேண்டும்.

மூடியின் ஓரத்தில் ஒரு தங்கக் கோடோ, ஒரு எழுத்தோ மட்டும் போதும் என்றால் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹாட் ஸ்டாம்பிங் ஃபாயில் போதும். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

எதற்கு எது

தண்ணீர், சோப்பு, நகம், வெயில் இவற்றில் இரண்டு தினமும் படும் என்றால் மின்முலாம். ஷவர் தலை, குழாய்க் கைப்பிடி, கிரில், கதவுக் கைப்பிடி எல்லாம் இதில் சேரும். எடுத்துப் பார்த்து, மூடித் திறந்து, ஆறு மாதத்தில் தூக்கிப் போடும் அழகுப் பொருள் மூடி, கோப்பை, பொம்மை, விளக்குக் கிண்ணம் என்றால் வேக்குவம். தினமும் கை படும், ஆனால் தண்ணீர் அதிகம் படாத காரின் உள் அலங்காரத்தில்தான் ஸ்பட்டரிங் முலாமோடு உண்மையாகப் போட்டியிடுகிறது. அங்கே எங்கள் சாய்வு ஸ்பட்டரிங்குக்கு. கழிவுநீர்ச் சுமை இல்லை, கிளிப்புகள் உடையாது, நிறத்திலும் விருப்பம் போல் மாறலாம். தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி மட்டும் கிடைக்காது.

ஆர்டர் எழுதும்போது "நல்ல பளபளப்பு" என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள். முலாமுக்குத் தாமிரம், நிக்கல், குரோம் தடிமன் தனித்தனியாக, அதுவும் எந்த இடத்தில் அளப்பது என்ற குறியோடு. 80 டிகிரியிலும் மைனஸ் 30 டிகிரியிலும் மாறி மாறி வைத்து எடுத்தபின் கொப்புளம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 40 மைக்ரான் தாமிரம் ஏற்றிய சோதனைத் தகட்டில் 25 மில்லிமீட்டர் அகலப் பட்டையைச் செங்குத்தாக உரிக்கச் சுமார் 2.5 கிலோ விசை தேவைப்பட்டால் பிடிமானம் நல்லது. வேக்குவத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கட்டம் நூறு கீறி டேப் ஒட்டி இழுப்பது, ஸ்பிரிட் துணியால் தேய்ப்பது, 40 டிகிரி சூட்டில் 95 சதவீத ஈரத்தில் வைப்பது, செயற்கை வியர்வை ஆகியவை.

கழிந்த பீஸை என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், அதில்தான் இரண்டு முறைகளும் கடைசியாகப் பிரிகின்றன. டாப் கோட் போடும் முன் பிழை தெரிந்தால், வேக்குவம் அலுமினியத்தை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்துக் கழுவி, உலர்த்தி மறுபடி அறைக்கு அனுப்பலாம். டாப் கோட் போட்டபின் வழியில்லை. அதனால் பரிசோதனை ஆளை அறையின் வாசலிலேயே நிறுத்துங்கள். முலாமில் குரோமை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், நிக்கலையும் தாமிரத்தையும் வேறு அமிலங்களிலும் கரைத்து ஒருமுறை மீண்டும் போடலாம். இரண்டாம் எட்சிங்கின் நேரத்தைக் குறைக்க மறந்தால் பீஸ் பொடிந்துவிடும். அரைத்தால் நிக்கல் ஒட்டிய துகள்களைக் காந்தத்தால் பிரிக்கலாம், ஆனாலும் அந்த ஏபிஎஸ்ஸை மறுபடியும் முலாம் போடும் பீஸில் கலக்கக் கூடாது. உள்ளே மறையும் கறுப்புப் பீஸுக்குத்தான் அது ஆகும்.